குற்றம் வட்டில் இல்லை

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் நாம் முதலில் தேடுவது காரணத்தையன்று, குற்றவாளியை. விளக்கு எரியவில்லையெனில் பல்பு போயிற்று என்கிறோம். கிணற்று மோட்டார் நீர் இறைக்கவில்லையெனில் மோட்டார் எரிந்துவிட்டது என்கிறோம். பல்புக்கும் தெருவிலுள்ள மின்கம்பத்துக்கும் இடையே சுவிட்சு உண்டு, கம்பி உண்டு, பீங்கான் பியூஸ் உண்டு என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் நல்ல பல்பைக் கழற்றிக் குப்பையில் எறிந்திருப்போம்.

பொருள்களுக்கு நேர்வது மனிதருக்கும் நேர்வதுண்டு. ஆயினும் இக்கட்டுரை முதலில் ஒரு பொருளைப் பற்றியது. எங்கள் வீட்டு மேசைக் கணினியும், அதனுள் செருகப்பட்ட உள்ளங்கையளவு கார்டு ஒன்றும், இருபது ஆண்டு வயதான பழைய வன்தட்டு ஒன்றும் ஒரு தவக்காலத்தில் எங்கள் குடும்பத்திற்குக் கற்பித்த பாடம் இது. குடும்ப இதழில் கணினிப் பழுதுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். திருமணப் படம், முதல் நற்கருணை விழாப் படம், மறைந்த பெற்றோரின் குரல் ஆகிய யாவும் இன்று இத்தகைய வட்டுகளில்தாம் உறங்குகின்றன. ஆகவே இது எந்தக் குடும்பத்திற்கும் வரக்கூடிய காரியமே.

பெரியப்பாவின் குரல்

நாங்கள் வாழ்வது மங்களூரில். கன்னட நாட்டுக் கடற்கரையிலுள்ள பெருநகரமன்று இது. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு மேற்கே, ஓர் ஊராட்சி ஒன்றியத்திற்குப் பெயர் தந்த சிற்றூர். கடிதம் எழுதும் உறவினர் பலர் 'விருத்தாசலம் வழி' என்று சேர்த்தே எழுதுவர். இல்லையெனில் கடிதம் கடற்கரைக்குப் பயணமாகிவிடும்! விருத்தாசலமோ பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழிலுக்கெனவே அங்கு அரசு பாலிடெக்னிக் ஒன்றும் இருக்கிறது. எங்கள் தெருவிலும் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குச் செல்வோர் உண்டு. அவர்களுள் ஒருவர் பின்னால் இக்கதையில் வருவார்.

எங்கள் பெரியப்பா பல ஆண்டுகள் உபதேசியாராகப் பணி செய்தவர். பங்குத்தந்தை வர இயலாத ஞாயிறுகளில் செபக் கூட்டம் நடத்துவதும், சிறுவருக்கு மறைக்கல்வி சொல்லித் தருவதும், இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் செபிப்பதும் அவர் பணி. எல்லாவற்றிலும் ஊரார் நெஞ்சில் நின்றது ஒன்றே. பெரிய வெள்ளியன்று அவர் வியாகுல பிரசங்கம் வாசிப்பார். கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கை சென்று, 1742இல் அங்கேயே உயிர் நீத்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் இயற்றிய நூல் அது. கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்து, கோவிலுக்குக் கோவில் அவ்வவ்வூர் இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்தது. வாசிப்பு என்று சொன்னாலும் அது பாதி பாட்டு, பாதி அழுகை. நூல் அச்சில் கிடைக்கும். ஆனால் எந்தச் சொல்லில் குரலை நீட்ட வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்பது அச்சில் இல்லை. அது வாசிப்பவர் தொண்டையில் இருந்தது.

1990ஆம் ஆண்டுகளில் அவர் வாசிப்பை உறவினர் ஒருவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 2005இல் பெரியப்பாவின் மகன் அதனைக் கணினிக்கு மாற்றினார். 2009இல் பெரியப்பா இறைவனடி சேர்ந்தார். ஒலிநாடாக்கள் மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டன. கணினியும் தன் காலம் முடிந்து நின்றுபோயிற்று. அதன் வன்தட்டை மட்டும் கழற்றிப் பருத்தித் துணியில் சுற்றி, பெரியம்மா தம் இரும்புப் பெட்டியில் திருமணப் புடவையின் அடியில் வைத்திருந்தார். இவ்வாண்டுத் தவக்காலத் தொடக்கத்தில் அதனை எங்கள் கையில் கொடுத்து, "பெரிய வெள்ளிக்குள் உங்கள் பெரியப்பாவின் குரலை ஒரு தடவை கேட்க வையுங்கள், அடுத்த பெரிய வெள்ளி எனக்கு உண்டோ, இல்லையோ" என்றார். வேறு எங்கும் படியில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கார்டு என்பது யாது?

தொடர்ந்து சொல்லுமுன், கணினியின் உட்புறத்தை அறியாத வாசகருக்காகச் சில செய்திகள்.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சுப் பூசிய வட்டத் தகடு. அது விரைந்து சுழல, ஒரு மெல்லிய கை அதன்மேல் தொடாமல் மிதந்து, எழுதவும் படிக்கவும் செய்கிறது. இடைவெளியோ தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வகையில் முதன்முதலாக ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. பெரியம்மா புடவைக்கடியில் வைத்திருந்த வட்டு ஒரு செபப்புத்தகத்தின் அளவுதான். ஆயினும் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு கொள்ளும்.

வட்டு தானாகக் கணினியோடு பேசாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுவே கண்ட்ரோலர். இப்போது அது பெரும்பாலும் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையிலேயே அமைந்துவிடுகிறது. ஆனால் காலந்தோறும் பேச்சுமுறை மாறுகிறது. பெரியப்பாவின் வட்டு ஐ.டி.இ. என்னும் பழைய முறையைச் சேர்ந்தது. அகன்ற நாடா போன்ற கேபிள், 40 துளைகள். 2003 முதல் சாட்டா என்னும் மெல்லிய கேபிள் முறை பரவியது. 2006க்குப் பின் வந்த மதர்போர்டுகளில் ஐ.டி.இ. வாயில் மெல்ல மெல்ல மறைந்தது. எங்கள் கணினி 2011இல் வாங்கியது. அதில் சாட்டா மட்டுமே உண்டு.

பழைய மொழி பேசும் முதியவருக்கும் புதிய மொழி மட்டுமே அறிந்த பேரனுக்கும் இடையே ஒருவர் இருந்தாலல்லவா உரையாடல் நடக்கும்? அந்த வேலையைச் செய்வது கண்ட்ரோலர் கார்டு. ஒரு பக்கம் அதன் பொன்முலாம் பூசிய விளிம்பு மதர்போர்டிலுள்ள பிளவில் செருகப்படும். மறுபக்கம் ஒரு ஐ.டி.இ. வாயிலும் இரண்டு சாட்டா வாயில்களும். யூஎஸ்பி வழியே இணைக்கும் சிறு கருவிகளும் கடைகளில் உண்டு. ஆனால் எங்கள் கணினியில் இக்கார்டு முன்பே இருந்தது. எனவே அதையே நம்பினோம்.

தோன்றி மறைந்தது

ஒரு மாலையில் கணினியைத் தரையில் பாய்மேல் படுக்க வைத்து, பக்கத்தகட்டைத் திறந்து, பழைய வட்டைக் கார்டோடு இணைத்தோம். இயக்கியதும் வட்டு மெல்ல உறுமிச் சுழன்றது. திரையில் அதன் பெயர் வந்தது. கோப்புகளின் பட்டியலும் வந்தது. பெரியப்பாவின் பெயரில் ஒரு பெட்டி, அதனுள் ஏழு ஒலிக்கோப்புகள்! பெரியம்மாவை அழைக்க ஆள் அனுப்புவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. இரவு வெகுநேரம் வரவில்லை. கணினியை மூடி, மேசையடியில் அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செபமாலை சொல்லிப் படுத்தோம்.

மறுநாள் வட்டு இல்லை. சுழலும் ஒலி கேட்கிறது. ஆனால் திரையில் அதன் பெயர் இல்லை. மும்முறை அணைத்து இயக்கியும் இல்லை. பக்கத்து நகரத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். வட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "பழைய வட்டு; மின்தடையில் செத்துவிட்டது. சென்னைக்கு அனுப்பினால் பல ஆயிரம் ஆகும், அதுவும் உறுதியில்லை." பெரியம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடு வீடு திரும்பினோம்.

திரும்பும் வழியில் எங்களுள் ஒருவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. வட்டு செத்திருந்தால் எப்படிச் சுழல்கிறது? சுழல்வது மட்டும் உயிருக்கு அடையாளமன்று என்பது மெய்தான். ஆனால் கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கும்போது, ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவது முறையாகுமா?

ஒவ்வொன்றாக

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறார். சகோதரன் தவறினால் முதலில் தனியே சென்று பேச வேண்டும். கேளாவிடில் ஒருவர் இருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதன்பின்னரே சபையிடம் சொல்ல வேண்டும். சிறியதிலிருந்து பெரியதற்கு, அருகிலிருந்து தொலைவுக்கு, மீளக்கூடியதிலிருந்து மீள முடியாததற்கு என்று படிப்படியாகச் செல்லும் வழி அது. நாம் வழக்கமாகச் செய்வது நேர்மாறு. முதலில் ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் உரியவரிடம் பேசுகிறோம். கணினியைத் திருத்துவதற்கும் இந்த ஒழுங்கே ஏற்றது என்று கண்டோம்.

பள்ளி நோட்டு ஒன்றை எடுத்தோம். இரண்டு விதிகளை முதல் பக்கத்தில் எழுதினோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. மாற்றியதையும் விளைந்ததையும் உடனே எழுதிவைப்பது. இரண்டு காரியங்களை ஒருங்கே மாற்றிவிட்டால், நலம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. தீமை வந்தாலும் அப்படியே.

முதலில் காது. வட்டு சுழலும் ஒலி சீராக இருக்கிறதா, அல்லது 'டக், டக்' என்று திரும்பத் திரும்பத் தட்டுகிறதா? தட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே கை தடுமாறுகிறது என்பது அதன் பொருள். மேலும் இயக்கினால் தகடு கீறப்படும். எங்கள் வட்டு தட்டவில்லை. இது நல்ல செய்தி.

இரண்டாவது மின்சாரம். வட்டுக்குச் செல்லும் நான்கு கம்பிகளில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் தரை. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். மல்டிமீட்டரில் பார்த்தோம், இரண்டும் எல்லைக்குள் இருந்தன.

மூன்றாவது கேபிள். ஐ.டி.இ. நாடாவின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு முதல் ஊசிப்பக்கம் நிற்க வேண்டும். 80 கம்பிகள் கொண்ட நாடாவில் நீல முனை கார்டுக்கு, கறுப்பு முனை முதல் வட்டுக்கு, சாம்பல் முனை இரண்டாம் வட்டுக்கு. வட்டின் முதுகிலுள்ள ஜம்பர் என்னும் சிறு தொப்பி 'மாஸ்டர்' நிலையில் இருக்க வேண்டும். எல்லாம் முறைப்படி இருந்தன. ஆயினும் நண்பர் வீட்டிலிருந்து வேறொரு நாடாவை வாங்கி வந்து மாற்றிப் பார்த்தோம். விளைவில்லை, நோட்டில் எழுதினோம்.

நான்காவதாகச் செய்ததே திருப்புமுனை. நன்றாக இயங்குகிறது என்று ஐயமின்றித் தெரிந்த எங்கள் சொந்த சாட்டா வட்டு ஒன்றை, மதர்போர்டிலிருந்து கழற்றி அதே கார்டில் மாட்டினோம். அதுவும் மறைந்துவிட்டது! மீண்டும் மதர்போர்டில் மாட்டினோம், உடனே தோன்றியது. நேற்று வரை குடும்பக் கணக்கும் படங்களும் தந்துகொண்டிருந்த வட்டு ஒரு நொடியில் செத்துப் பிழைத்திருக்க முடியாது. அப்படியானால் குற்றம் வட்டில் இல்லை. கடைக்காரரின் தீர்ப்பு அப்போதே தள்ளுபடியாயிற்று. அன்று இரவு நிம்மதியாக உறங்கினோம்.

ஐந்தாவது, மென்பொருள். கார்டை இயக்கும் டிரைவர் கெட்டிருக்கலாமோ என்ற ஐயம். அதற்காக விண்டோசை அழித்து மறுபடி நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸ் அமைப்பு ஒன்றை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளேயுள்ள எதையும் அது தொடாது. அங்கும் வட்டு தெரியவில்லை. கார்டின் பெயரே தெரியவில்லை. இயக்கியதும் முதலில் வரும் கார்டின் சொந்த அறிவிப்புத் திரையும் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். முதல் நாள் மாலை அது வந்தது. ஆகவே கணினி வட்டைக் காணவில்லை என்பதன்று, கார்டையே காணவில்லை. விசாரணை வட்டிலிருந்து கார்டுக்கும், கார்டிலிருந்து அது செருகியிருக்கும் பிளவுக்கும் வந்து சேர்ந்தது.

பட்டறைக்காரரின் கண்

மின்சாரத்தை நிறுத்தி, செருகியை உருவி, பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிவிட்டுக் கார்டைக் கழற்றினோம். பொன்முலாம் பூசிய விளிம்பை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்தோம். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார் சிலர். அது முலாமையே அழித்துவிடும். தூசியைத் தூரிகையால் நீக்கிச் செருகினோம். பெட்டி பாய்மேல் படுத்திருந்தது. இயக்கினோம். கார்டின் அறிவிப்புத் திரை வந்தது! பெரியப்பாவின் வட்டும் வந்தது!

தூசிதான் காரணம் என்று முடிவு கட்டி, திருகாணியை இறுக்கி, மூடி, நிமிர்த்தி வைத்து இயக்கினோம். மீண்டும் மறைந்தது.

நோட்டைப் புரட்டினோம். எழுதிவைத்ததன் பயன் இங்குத் தெரிந்தது. வட்டு தோன்றிய வேளைகள் இரண்டிலும் பெட்டி படுத்திருந்தது, திருகாணி தளர்ந்திருந்தது. மறைந்த வேளைகளிலெல்லாம் பெட்டி நிமிர்ந்திருந்தது, திருகாணி இறுகியிருந்தது. படுத்தால் தோன்றுவதும் நிமிர்ந்தால் மறைவதும் ஏன்? எங்களால் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

அப்போது அண்டை வீட்டு அண்ணன் வந்தார். இருபதாண்டுகளுக்கு மேல் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குபவர். கணினியைத் தொட்டதில்லை. "இந்தச் சின்னச் சின்னப் பழுப்புத் துணுக்குகள் என்ன?" என்று கார்டைப் பார்த்துக் கேட்டார். அவை பீங்கான் மின்தேக்கிகள். பேரியம் டைட்டனேட் என்னும் ஒருவகைப் பீங்கானை ஏடுஏடாய் அடுக்கிச் சுட்டவை என்றோம். எள்ளளவுப் பீங்கானைக் கண்டு வியந்தவர் கீழே குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு, "தம்பி, அந்தத் திருகாணியை இன்னொரு தரம் இறுக்குங்கள்" என்றார். இறுக்கினோம். "பாருங்கள், இந்தத் தலை இறங்குகிறது, அந்தத் தலை எழும்புகிறது. சூளையில் பலகை சாய்ந்திருந்தால் அதன்மேல் வைத்த தட்டு இப்படித்தான் ஒரு பக்கம் தூக்கும். சாய்ந்ததைச் சுட்டால் கோணல்தான் வெளியே வரும்."

விளக்கைக் கொண்டுவந்து பார்த்தோம். அவர் சொன்னது சரியே. கார்டின் ஒரு முனையில் இரும்புப் பட்டை ஒன்று உண்டு. அதனைப் பெட்டியின் பின்புறத்தோடு திருகாணியால் பிணைக்கிறோம். அப்பட்டை சற்றே வளைந்திருந்தது. இறுக்குந்தோறும் அது நெம்புகோல்போல் கார்டின் மறுமுனையைப் பிளவிலிருந்து மேலே தூக்கியது. நீண்ட பிளவுகளில் மறுமுனையைப் பிடிக்கக் கொக்கி உண்டு. இச்சிறு பிளவில் அது இல்லை. ஒரு பக்கத்துக்கு 18 ஆக இரு பக்கமும் சேர்ந்து 36 தொடுமுனைகள். அவற்றுள் கடைசிச் சில விட்டுப்போனால் போதும், பேச்சு நின்றுவிடும். பெட்டி படுத்திருக்கும்போது கார்டு செங்குத்தாக நின்று தன் எடையால் பிளவில் அமர்ந்தது. நிமிர்த்தும்போது அது கிடைமட்டமாகி, அகன்ற நாடாவும் சேர்ந்து இழுக்க, தொடுமுனைகள் அகன்றன. அவ்வளவே! வட்டு, கார்டு, கேபிள், மென்பொருள் அனைத்தும் நலமே. ஒரு திருகாணி அளவுக்கு மேல் இறுகியது ஒன்றே குறை.

பட்டையைக் கழற்றி, குறடால் மெல்ல நிமிர்த்தி, பெட்டிக்கும் பட்டைக்கும் இடையில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்து, விரல் பலத்தில் மட்டும் திருகினோம். பெட்டியை நிமிர்த்தினோம். வட்டு தோன்றியது. சாய்த்தோம், அசைத்தோம், மறையவில்லை. செலவு இரண்டு ரூபாய் வாஷர்.

படியெடுத்தல்

கேட்க வேண்டும் என்ற ஆவல் இருந்தாலும் முதலில் கேட்கவில்லை. பழைய வட்டு எந்நேரமும் களைத்துப்போகலாம். அதற்கு முதலில் தர வேண்டியது ஓய்வன்று, விடுதலை. லினக்சில் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறந்தால் வட்டில் ஒரு புள்ளியும் எழுதப்படாது. அவ்வாறு திறந்து ஏழு கோப்புகளையும் எங்கள் வட்டுக்குப் படியெடுத்தோம். பிறகு ஒரு யூஎஸ்பி குச்சியில் இன்னொரு படி. மூன்றாவது படி விருத்தாசலத்தில் வாழும் பெரியப்பா மகன் வீட்டுக்குச் சென்றது. ஒரே கூரையின் கீழ் எத்தனை படி இருந்தாலும் தீயும் வெள்ளமும் அவற்றை ஒன்றாகவே கொள்ளும் அன்றோ?

எங்கள் பகுதி மக்களுக்கு இக்காரியம் புதியதன்று. விருத்தாசலம் அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை நிறைவு செய்தார் என்பர். 3615 பாடல்கள். அது அச்சேறியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், புதுவையில். இடைப்பட்ட நூறாண்டுக்கு மேல் அந்நூல் எங்கு வாழ்ந்தது? ஓலையில். ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் தின்னும். அரிக்குமுன் யாரோ ஒருவர் அமர்ந்து எழுத்தாணியால் மறுபடி எழுதினார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவரைப்போன்ற பலர் படியெடுத்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம். ஓலையாயினும் வட்டாயினும் விதி ஒன்றே: எப்பொருளும் என்றும் நிலைக்காது, படியெடுத்தலே நிலைக்கும்.

கருவிகளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதற்கும் திருச்சபையிலேயே சான்று உண்டு. இத்தாலிய இயேசு சபைத் துறவி ரொபெர்த்தோ பூசா 1949இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவரைச் சந்தித்து, புனித தாமஸ் அக்குவினாவின் நூல்களிலுள்ள சொற்கள் அனைத்தையும் எந்திரத்தால் வரிசைப்படுத்த உதவி கேட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள்; துளையிட்ட அட்டையில் தொடங்கிய பணி காந்த நாடாவுக்கு மாறி, 56 தொகுதிகளாக அச்சாகி முடியும்போது ஆண்டு 1980. எந்திரம் மாறுந்தோறும் அவரும் தம் சொற்களைப் புதிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே சென்றார். நம் காலத்திலோ, கணினியில் கைதேர்ந்து நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டு, 2006இல் பதினைந்து வயதில் மறைந்த கார்லோ அக்குத்திஸ், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மாவை அழைத்து வந்து அமர்த்தினோம். முதல் கோப்பைத் திறந்தோம். நாடாவின் இரைச்சல், சேவல் ஒன்று கூவும் ஒலி, பிறகு அந்தக் குரல். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய உடன் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் கையை உயர்த்தி, "இங்கே இருமுவார்" என்றார். அடுத்த நொடி பெரியப்பா இருமினார். அறையில் யாரும் பேசவில்லை.

பெரிய வெள்ளியன்று எங்கள் சிற்றாலயத்தில் அந்த ஒலிப்பதிவைப் போடவில்லை. பெரியம்மாவின் விருப்பம் வேறு. பங்கின் இளைஞர் இருவர் ஒலிப்பதிவை ஒரு வாரம் கேட்டுப் பழகி, தங்கள் குரலிலேயே வாசித்தனர். நீட்டுமிடத்தில் நீட்டினர், நிறுத்துமிடத்தில் நிறுத்தினர்.

நம் இல்லங்களில்

அன்புள்ள வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய வட்டோ ஒலிநாடாவோ இருக்கலாம். "கெட்டுவிட்டது" என்று எவரேனும் சொல்லியிருந்தால், எதைக் கொண்டு அவ்வாறு சொன்னார் என்று ஒரு முறை கேளுங்கள். ஐயமின்றி நலமாயிருக்கும் வட்டு ஒன்றை அதே வழியில் பொருத்திப் பாருங்கள். அதுவும் தோன்றவில்லையெனில் குறை வழியிலே இருக்கிறது. வட்டு 'டக், டக்' என்று தட்டினால் மட்டும் கை வைக்காமல் அறிந்தவரிடம் கொடுங்கள். எக்காரணம் பற்றியும் வட்டின் மூடியைத் திறவாதீர்கள். ஒரு தூசி போதும் அதனை அழிக்க. கிடைத்ததும் முதலில் படியெடுங்கள், பிறகு கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறோம். ஓர் இல்லத்தில் தந்தை பேசுவது மகனுக்கு எட்டவில்லை, மாமியார் சொல்வது மருமகளுக்கு எட்டவில்லை என்னும்போது, "அவர் மனம் கல்லாகிவிட்டது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அவர் வேறு ஒருவரோடு இன்முகமாகப் பேசுகிறாரா என்று பார்த்ததுண்டா? பேசுகிறாரெனில் மனம் சாகவில்லை. இடையில் எங்கோ ஒரு தொடுமுனை அகன்றிருக்கிறது. பழைய மனத்தாங்கல் ஒன்றோ, செய்தியை மாற்றிச் சொன்ன ஒருவரோ, அன்பின் பெயரால் அளவுக்கு மேல் இறுக்கிய ஒரு கட்டுப்பாடோ காரணமாயிருக்கலாம். எங்கள் கார்டை அகற்றியது தளர்ந்த திருகாணியன்று, இறுகிய திருகாணி. பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது சற்றுச் சிந்திக்கத் தக்கது.

மறைந்தவர் குரலைக் கேட்க நாங்கள் ஒரு வாரம் உழைத்தோம். உயிரோடு இருப்பவர் குரலைக் கேட்கக் கார்டும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். இன்று மாலைச் செபம் முடிந்ததும், வெகுநாள் பேசாதிருந்த ஒருவர் அருகில் சென்று அமருங்கள். இறைவன் துணை நிற்பாராக.